கொழுக்க வைக்க எந்தக் குட்டி? யாழ்ப்பாணத்து வளர்ப்பாளருக்கு ஓர் ஒப்பீடு

பால் மறந்த ஆட்டுக்குட்டிகளை வாங்கிக் கொட்டிலில் வைத்து, குழையோடு தவிடும் பிண்ணாக்கும் போட்டு, மூன்று நான்கு மாதத்தில் கொழுக்க வைத்து விற்பது காணி சுருங்கிப்போன வீடுகளுக்குப் பொருந்தி வரும் தொழில்தான். வேள்விக்கென்று நேர்ந்த கிடாயை வருடக்கணக்கில் கட்டிவைத்துத் தீனி போட்டு வளர்த்த ஊர் இது. ஆகவே கொழுக்க வைப்பது எங்களுக்குப் புதிய வித்தை இல்லை. கணக்குப் பார்த்துக் கொழுக்க வைப்பதுதான் புதிது. கணக்கு என்று வந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த இனக் குட்டி வாங்கலாம் என்பது. உள்ளூர்ச் செம்மறியா, இந்தியச் செம்மறி கலந்ததா, தென்னாபிரிக்காவின் டோர்ப்பர் செம்மறி கலந்ததா, இல்லை செம்மறியே வேண்டாம் என்று வெள்ளாட்டுக்குப் போய்விடலாமா?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனத்தைத் தெரிவு செய்ய முதல், எத்தனை கிலோவில் யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். அது முடிவானால் இனம் பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். அதை விட்டுவிட்டு வெறும் இனங்களை மட்டும் ஒப்பிட்டால், எந்த இனத்தையும் நல்லது என்றும் நிறுவலாம், கூடாது என்றும் நிறுவலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

ஐரோப்பாவில் வெட்டிய ஆட்டுக்கு இரண்டு தரம் போடுகிறார்கள். பின்தொடை எவ்வளவு திரண்டிருக்கிறது, முதுகு எவ்வளவு அகலம், தோள் புடைத்திருக்கிறதா என்று பார்த்து உருவத்துக்கு ஓர் எழுத்து. மேலே படிந்திருக்கும் கொழுப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். அங்கே தொடை முழுசாக அடுப்புக்குள் போகிறது, முதுகுத் துண்டு தனியாக வாட்டப்படுகிறது. தொடைக்கு ஒரு விலை, கழுத்துக்கு இன்னொரு விலை. அதனால் திரண்ட தொடைக்கு அங்கே காசு இருக்கிறது.

எங்கள் இறைச்சிக்கடையில் தொடையும் விலாவும் எலும்போடு சேர்த்துக் கொத்தப்பட்டு ஒரே தராசில் ஏறுகின்றன. ஊருக்குள் சில வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வெட்டிப் பங்கு போடும் இடத்தில் இன்னும் சமத்துவம். தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், நெஞ்செலும்பில் ஒரு துண்டு, ஈரலில் ஒரு துண்டு என்று ஒவ்வொரு குவியலிலும் எல்லாம் விழ வேண்டும், இல்லாவிட்டால் சண்டைதான். தலைக்கும் காலுக்கும் ஆள் இருக்கிறது, குடலுக்கும் இரத்தத்துக்கும் ஆள் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வுகளில் கழிவாக எண்ணப்படும் பாகங்கள் இங்கே காசாகின்றன. ஆகவே உருண்டு திரண்ட தொடை என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இனத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் குறைவு. எங்கள் சட்டிக்கு வேண்டியது வேறு. எலும்புக்கு ஏற்ற சதை, கறியின் மேல் அளவோடு மிதக்கும் நெய், அதிகம் வேகவைக்காமலே மென்மை, மொச்சை என்கிற கிடாய் வாடை இல்லாமை. கொழுப்பே இல்லாத இறைச்சியைப் பிரட்டினால் நார்நாராக வரும், அதையும் யாரும் விரும்புவதில்லை.

சரி, 'எத்தனை கிலோ விழும்' என்ற கேள்விக்கு வருவோம். குட்டி விற்கிறவர்கள் எல்லாரும், உயிர் எடையில் இறைச்சி எவ்வளவு என்று ஒரு சதவீதம் சொல்வார்கள். இந்த இனம் 45, அந்த இனம் 50 என்று. ஒரே ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையத் தின்று, தண்ணீர் குடித்து 30 கிலோ நிற்கிறது. ஓர் இரவு தீவனம் நிறுத்தினால் 28.5 கிலோ. வெட்டினால் 13.5 கிலோ இறைச்சி. முழு எடையில் பார்த்தால் இது 45 சதவீதம், பட்டினி எடையில் பார்த்தால் 47க்கு மேல். முழு எடையிலிருந்து குடலுக்குள் இருந்த 4.5 கிலோவைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கும் ஆய்வாளர் அதே ஆட்டுக்கு 53 என்று எழுதுவார். மூன்றுமே பொய் இல்லை. ஆனால் ஒருவர் 53 என்றும் இன்னொருவர் 45 என்றும் சொன்னதை வைத்து இரண்டு இனங்களை ஒப்பிட்டால் நாங்கள்தான் ஏமாந்தவர்கள். வளர்ந்த செம்மறி இனங்களுக்கிடையே உண்மையான வித்தியாசம் பல நேரம் இரண்டு மூன்று சதவீதம்தான், ஒரு வாளித் தண்ணீர் அதை விழுங்கிவிடும். விற்பதற்கு முதல் நன்றாகத் தண்ணி காட்டுகிற வியாபாரிகளுக்கு இது எந்தப் படிப்பும் இல்லாமலே தெரியும். குழையை அதிகம் தின்னும் ஆட்டுக்கு வயிறு பெரிசு, தவிடும் சோளமும் தின்னும் ஆட்டுக்குச் சிறிசு. ஆகவே கொட்டிலில் வளர்ந்தது மேய்ச்சலில் வளர்ந்ததைவிட அதிக சதவீதம் தருவதில் தீவனத்தின் பங்கையும் இனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஒரே எடையா, ஒரே முதிர்ச்சியா?

இதுதான் முழு விஷயத்துக்கும் ஆணிவேர். குட்டியின் உடம்பில் எலும்பு முதலில் வேகமாக வளர்கிறது, அடுத்துச் சதை, கடைசியில் கொழுப்பு. எல்லா இனத்துக்கும் இதே வரிசைதான். எந்த எடையில் கொழுப்புக் காலம் தொடங்குகிறது என்பதில்தான் இனங்கள் பிரிகின்றன, அது அந்த இனம் வளர்ந்து முடிந்தால் எவ்வளவு பெரிசு என்பதைப் பொறுத்தது.

யாழ்ப்பாண உள்ளூர்ச் செம்மறி வளர்ந்து முடிந்தாலே 25 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். டோர்ப்பர் பெண் ஆடு 60 கிலோவைத் தாண்டும், கிடாய் அதற்கும் மேலே போகும். இரண்டையும் 20 கிலோவில் வெட்டிப் பார்த்தால் உள்ளூர் ஆட்டில் குண்டிக்காயைச் சுற்றியும் குடல் சவ்விலும் கொழுப்பு நிறைந்திருக்கும். டோர்ப்பரோ இன்னும் எலும்பும் பச்சைச் சதையுமாக இருக்கும். உடனே 'உள்ளூர் ஆடு வெறும் கொழுப்பு' என்று தீர்ப்புச் சொல்லலாம். எடையை விட்டு வயதைப் பிடித்து, இரண்டையும் ஆறு மாதத்தில் வெட்டினால் டோர்ப்பர் மலைபோல் நிற்கும், உள்ளூர் ஆடு பக்கத்தில் நிற்கக் கூசும். டோர்ப்பர் கிடாய் விற்கிறவர் இந்த இரண்டாவது ஒப்பீட்டைத்தான் காட்டுவார். மூன்றாவது வழி, ஒவ்வொன்றையும் அதனதன் முழு வளர்ச்சியின் மூன்றில் இரண்டு பங்கில் வெட்டுவது. உள்ளூர் ஆட்டை 16 கிலோவில், டோர்ப்பரை 40 கிலோவில். அப்படிப் பார்த்தால் சதை, எலும்பு, கொழுப்பு விகிதங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிவிடுகின்றன.

முழுக்கச் சமமாகிவிடும் என்று சொல்லவில்லை. நெதர்லாந்தில் உருவான டெக்ஸல் இனம் ஒரே முதிர்ச்சியில் பார்த்தாலும் கூடிய சதையும் குறைந்த கொழுப்பும் தரும், அது அதன் மரபணுவில் உள்ள விசேஷம். டோர்ப்பர் இதற்கு எதிர்ப்பக்கம், தன் உருவத்துக்கு எதிர்பார்ப்பதைவிட முந்தியே கொழுப்பு ஏற்றும். மத்திய கிழக்கின் அவாசி தன் கொழுப்பில் பெரும் பகுதியை வாலில் சேர்த்துவைக்கும். எங்கள் பக்கத்துக் கம்பளி இல்லாத முடிச் செம்மறிகளும் வெள்ளாடுகளும் தோலுக்கடியில் குறைவாகவும் வயிற்றுக்குள் கூடுதலாகவும் சேர்க்கும். ஆனால் கொட்டிலில் ஐந்தோ பத்தோ குட்டி கட்டப்போகிறவருக்கு இந்த நுணுக்கங்களைவிடப் பெரிய விஷயம், எந்த எடையில் கத்தி வைக்கிறோம் என்பதுதான்.

சதை கூடக்கூட நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. 1983இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பிறந்த ஒரு டோர்செட் இனச் செம்மறிக் கிடாய்க்கு வளரவளரப் பின்தொடை அளவுக்கு மீறிப் புடைத்தது. அதன் வாரிசுகளிலும் அந்தக் குணம் வந்தது. கூடுதல் சதை, குறைந்த கொழுப்பு, குறைந்த தீவனம் என்று வளர்ப்பவர்கள் குதூகலித்தார்கள். சமைத்துப் பார்த்தபோது முதுகுச் சதை கடிக்க முடியாத அளவுக்கு முறுக்காக இருந்தது. சதையைக் கரையவிடாமல் தடுக்கும் ஒரு புரதம் அந்த ஆடுகளில் மிகையாக இருந்ததுதான் காரணம். தராசில் வென்ற ஆடு பல்லில் தோற்றது.

இனி இனங்களுக்கு வருவோம்

உள்ளூர்ச் செம்மறிக்கு முதல் தகுதி, அது சாகாது. வெயில் தாங்கும், குடற்புழுவை ஓரளவு தாங்கும், மாரி மழையில் மற்றக் குட்டிகள் கழிந்து சோரும்போது இது நின்றுபிடிக்கும். குறை, மெதுவான வளர்ச்சி. நல்ல தீவனம் கொடுத்தாலும் ஒரு நாளைக்கு 100 கிராம் ஏறினால் சந்தோஷப்பட வேண்டியதுதான். 15 முதல் 18 கிலோவுக்குள் விற்றுவிட வேண்டும். 16 கிலோ ஆட்டில் ஏழு ஏழரைக் கிலோ இறைச்சி விழும். சிறிசு என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஒரு வீட்டு விசேஷத்துக்கும், நாலைந்து வீடு சேர்ந்து போடும் பங்குக்கும் அந்த அளவு பொருந்தும். எலும்பு மெல்லிசு, துண்டு சிறிசு, சீக்கிரம் வேகும்.

இந்தியாவிலிருந்து வந்த இனங்களில் இரண்டைப் பற்றி மட்டும் பேசினால் போதும். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்துப் பன்னூர் ஆடு கால் குட்டை, உடல் கட்டை, பின்னால் நின்று பார்த்தால் தொடை கவிழ்த்த வளைவாகத் தெரியும். இறைச்சி உருவத்தில் இந்தியச் செம்மறிகளில் இதற்கு முதலிடம் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் இதுவும் சின்ன இனம், வளர்ச்சியும் பெரிய வேகம் இல்லை. சொன்னேனே, எங்கள் சந்தையில் தொடை அழகுக்குத் தனிக் காசு கிடையாது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துச் சென்னைச் சிவப்பு கால் நீண்டது, மெலிந்த தோற்றம், கிடாய் 35 கிலோ வரை வரும். பார்வைக்குப் பன்னூரிடம் தோற்றாலும் உள்ளூர் ஆட்டோடு கலக்கும்போது சட்டகத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி, வெயில் தாங்கும் குணத்தையும் விடாமல் வைத்திருக்கும். இந்தக் கலப்புக் கிடாய்க் குட்டிகளை 20 முதல் 23 கிலோ வரை கொழுப்பு மிஞ்சாமல் கொண்டுபோகலாம்.

டோர்ப்பரைப் பற்றித்தான் இப்போது பேச்சு அதிகம். 1930களில் தென்னாபிரிக்காவில், வறண்ட நிலத்திலும் கனமான இறைச்சிக் குட்டி வேண்டும் என்று டோர்செட் ஹோர்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்து உருவாக்கிய இனம் இது. கம்பளி தானாக உதிர்ந்துவிடும். நல்ல தீவனத்தில் ஒரு நாளைக்கு 250 கிராமுக்கு மேலும் ஏறும். தொடை, முதுகு எல்லாம் ஐரோப்பியத் தராசுக்கும் பிடித்த உருவம். ஆனால் அந்த வேகம் தீவனம் கேட்கும். வெறும் குழையும் வைக்கோலும் போட்டால் டோர்ப்பரும் உள்ளூர் ஆடுபோலத்தான் வளரும், இன்னும் பாடாகவும் போகலாம். அளவு தெரியாமல் சோளத்தைக் கொட்டினாலோ முதுகில் கொழுப்புத் தகடு ஏறிவிடும், கடைக்காரர் அதைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் நிறுப்பார்.

எங்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் பாதிக் கலப்புத்தான். தாய் உள்ளூர், தகப்பன் டோர்ப்பர் என்றால் குட்டியின் முழு வளர்ச்சி இரண்டுக்கும் நடுவே, 45 கிலோவைச் சுற்றி வரும். அதை 28 அல்லது 30 கிலோவில் விற்பது சரி. 18 கிலோவில் பங்குக்கு விற்றால் நீங்கள் விற்பது எலும்பு. இன்னொரு விஷயம், 22 கிலோத் தாய்க்குப் பெரிய கிடாயைச் சேர்த்தால் குட்டி பெரிசாகிப் பிரசவம் சிக்கலாகும். முதல் குட்டி போடும் மறிகளுக்கு இந்தக் கிடாயைக் காட்டவே கூடாது.

வெள்ளாட்டை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜமுனாபாரிக் கலப்பு உயரத்தால் கண்ணைக் கவரும், ஆனால் அது அடிப்படையில் பால் ஆடு. கால் நீளம், தொடை தட்டை, எடையில் எலும்பின் பங்கு கூட. போயர் கலப்பு சதைக்காகவே உருவான ஆடு, கொட்டிலில் போட்ட தீவனத்துக்குப் பதில் சொல்லும். பொதுவாகத் தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தில் வெள்ளாடு செம்மறியைவிட மெதுவாகத்தான் ஏறும். அப்படியிருந்தும் ஏன் வெள்ளாடு? வாங்குகிறவர் அதைத்தான் கேட்கிறார். யாழ்ப்பாணத்தில் ஆட்டிறைச்சி என்றால் பல வீடுகளுக்கு வெள்ளாட்டு இறைச்சிதான், செம்மறி என்று தெரிந்தால் விலை பேசத் தொடங்குவார்கள். கிலோவுக்குக் கிடைக்கும் அந்த விலை வித்தியாசம் வளர்ச்சி வேகத்தின் வித்தியாசத்தை ஈடுசெய்கிறதா என்று உங்கள் சந்தையில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

மணம் பற்றி ஒரு வார்த்தை. செம்மறிக்கே உரிய அந்த வாடை கொழுப்பில் உள்ள சில கிளைக் கொழுப்பமிலங்களால் வருவது. நலமடிக்காத, அதாவது விதை நீக்காத கிடாயில், வயது ஏறஏற, தானியம் அதிகம் தின்னத்தின்ன அவை கூடும், கொழுப்பும் இளகலாகும். நலமடித்தால் மணம் குறையும், ஆனால் வளர்ச்சியும் குறைந்து கொழுப்பு முந்திவிடும். மூன்று நான்கு மாதக் கொழுக்க வைப்புக்கு நலமடிக்காமல் விட்டு, இளசிலேயே விற்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வெள்ளாட்டுக் கிடாய் மறியைத் துரத்தத் தொடங்கிய பிறகும் வைத்திருந்தால் மொச்சையை எந்த மிளகாய்த்தூளும் மறைக்காது.

தீவனத்தில் மூன்று எச்சரிக்கை, ஒரு யோசனை. குழையிலிருந்து அடர்தீவனத்துக்கு இரண்டு மூன்று கிழமை எடுத்து மெல்ல மாற்றுங்கள், அவசரப்பட்டால் வயிறு புளித்து ஆடு போய்விடும். கிடாய்க் குட்டிகளுக்குத் தவிடு மட்டுமே போட்டால் பொஸ்பரஸ் மிஞ்சி நீர்ப்பாதையில் கல் அடைக்கும், அதற்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துச் சமப்படுத்த மிருக வைத்தியரைக் கேளுங்கள். சீமைக்கிளுவை, இப்பிலிப்பில் மரங்களின் குழை இருக்கிற வீட்டில் பிண்ணாக்குச் செலவைக் குறைக்கலாம். கோழித் தீவனத்தைச் செம்மறிக்குப் போடாதீர்கள், அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் தேங்கி நஞ்சாகும், டெக்ஸல் போன்ற இனங்களுக்கு இன்னும் மோசம்.

எந்த இனமானாலும் வெட்டும் அன்று கெடுத்துவிட முடியும். வாகனத்தில் கட்டிப்போட்டு, வெயிலில் நிறுத்தி, துரத்திப் பிடித்து வெட்டினால் சதையில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு முன்கூட்டியே தீர்ந்துவிடும். அப்புறம் இறைச்சியில் போதிய புளிப்பு ஏறாது, கருத்து ஒட்டுவதுபோல இருக்கும், சீக்கிரம் பழுதாகும். வெட்டிய சூட்டோடு இறைச்சியை டீப் ஃப்ரீஸருக்குள் தள்ளுவது இன்னொரு வழக்கம், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வரும் காலத்தில் அதிகம். விறைப்பு ஏறி முடியாத சதை உறைந்து, பிறகு உருகும்போது சுருங்கி இறுகிவிடும். உடனே சமைப்பதானால் அன்றைக்கே சமையுங்கள். வைப்பதானால் விறைப்பு ஏறி அடங்கும் வரை ஆறவிட்டு, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்துவிட்டு உறைய விடுங்கள். போயரா உள்ளூரா என்ற வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம் நாக்குக்கு நன்றாகத் தெரியும்.

என்னிடம் கேட்டால், முதல் தடவை தொடங்குகிறவர் சென்னைச் சிவப்பு கலந்த உள்ளூர்க் கிடாய்க் குட்டிகளை வாங்கி 20 கிலோ சொச்சத்தில் விற்கட்டும். பங்குக்கும் கொடுக்கலாம், கடைக்கும் கொடுக்கலாம், இரண்டு பக்கமும் வாசல் திறந்திருக்கும். பங்குக்கு மட்டும்தான் விற்பீர்கள், தீவனச் செலவுக்கும் பயம் என்றால் சுத்த உள்ளூர்க் குட்டியே போதும். டோர்ப்பர் பாதிக் கலப்பு ஹோட்டலுக்கோ கடைக்கோ மாதாமாதம் கிலோக் கணக்கில் கொடுக்க ஒப்புக்கொண்டவருக்கு, அதுவும் 30 கிலோ வரை தீவனம் போடக் கையில் பணம் இருப்பவருக்கு. போயர் கலப்பு, வெள்ளாட்டுக்குத்தான் விலை என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு. ஜமுனாபாரியைப் பாலுக்கு வளருங்கள்.

விற்கும் நாளைத் தீர்மானிக்கத் தராசை மட்டும் நம்பாதீர்கள். கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்பு முதுகில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். முள்ளந்தண்டின் நுனியும் பக்கத்து எலும்பு நுனிகளும் கூர்மையாகக் குத்தினால் இன்னும் தீனி போடலாம். உருண்டையாக, மெல்ல அழுத்தினால் மட்டும் தட்டுப்பட்டால் அதுதான் நேரம். அழுத்தியும் எலும்பு தட்டுப்படவில்லை என்றால் நாள் கடந்துவிட்டது. சதையில் முக்கால் பங்கு தண்ணீர், கொழுப்பில் அது மிகக் குறைவு, ஆகவே ஒரு கிலோ கொழுப்பு ஏற்ற ஒரு கிலோ சதைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு தீவனச் சக்தி போகிறது. அந்த நாளுக்குப் பிறகு நீங்கள் வாங்கும் பிண்ணாக்கு மூட்டையின் பெரும் பகுதி, கடைக்காரர் சீவி எறியும் கொழுப்பாகத்தான் திரும்பி வரும்.